சோற்றின் அளவை அகப்பையிலேயே முடிவு செய்வோம்

மதியம் பன்னிரண்டு மணிக்கெல்லாம் வெள்ளவத்தை காலி வீதியிலும் கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதியிலும் உள்ள சாப்பாட்டுக் கடைகளில் சோற்றுப் பார்சல் கட்டத் தொடங்கிவிடுவார்கள். பார்சலுக்குள் போகும் சோறு எல்லோருக்கும் ஏறத்தாழ ஒரே அளவுதான். துறைமுகத்தில் காலையிலிருந்து மூட்டை சுமந்தவரும் அதைத்தான் வாங்குகிறார். கணினிக்கு முன் எட்டு மணித்தியாலம் கதிரையில் இருப்பவரும் அதைத்தான் வாங்குகிறார். காசு கொடுத்த சோற்றை எறிய மனமில்லாமல் இருவரும் முழுவதையும் சாப்பிட்டு முடிக்கிறார்கள். முதலாமவருக்கு அது உழைப்புக்கேற்ற உணவு. இரண்டாமவருக்கு அது அளவு மீறிய உணவு. ஆனால் இரண்டாமவரைச் சாப்பாட்டு ஆசை பிடித்தவர் என்று சொல்ல முடியாது. அவர் எவ்வளவு சாப்பிட வேண்டும் என்பதைப் பார்சல் கட்டிய கை முன்கூட்டியே முடிவு செய்துவிட்டது.

மிதமிஞ்சிச் சாப்பிடுவதைப் பற்றிப் பேசும்போது வாயைக் கட்டு, மனதைக் கட்டு என்றுதான் அறிவுரை வரும். அந்த அறிவுரை இரண்டு நாளைக்கு மேல் நிற்பதில்லை. பசியோடு ஒருவர் உட்கார்ந்து, முன்னால் சுடச்சுடச் சோறும் கறியும் வந்த பிறகு அளவைப் பற்றி யோசிப்பது மிகவும் கடினம். பானையில் அரிசி போடும்போதும், அகப்பையால் சோறு அள்ளும்போதும், கடையில் பார்சல் சொல்லும்போதும் யோசிப்பது எளிது. இங்கே சொல்லப்படும் வழிகள் பெரும்பாலும் முதல் கவளத்துக்கு முன்னால் செய்ய வேண்டியவை.

ஏன் அளவு தெரியாமல் போகிறது?

வயிறு நிறைந்த செய்தி மூளைக்கு உடனே போய்ச் சேருவதில்லை. உணவு இரைப்பையை விரிக்கும்போது நரம்பு வழியாக ஒரு செய்தி போகிறது. உணவு சிறுகுடலுக்குள் இறங்கிய பின் அங்கிருந்து சுரக்கும் ஹோர்மோன்கள் இன்னொரு செய்தியைக் கொண்டுபோகின்றன. இவை சேர்ந்து 'போதும்' என்ற உணர்வைத் தருவதற்கு ஏறத்தாழ இருபது நிமிடம் ஆகலாம். பத்து நிமிடத்தில் தட்டைக் காலி செய்பவர், அந்தச் செய்தி வருமுன்பே இரண்டாம் முறை சோறு போட்டுக்கொள்கிறார்.

இரண்டாவது காரணம், சுவை மாறிக்கொண்டே இருப்பது. ஒரே உணவைத் தொடர்ந்து சாப்பிட்டால் நாக்கு சலித்துக்கொள்ளும். புதிய சுவை ஒன்று வந்தால் ஆசை மீண்டும் எழும். பார்பரா ரோல்ஸ் என்ற ஆய்வாளர் 1981இல் இதைச் சோதித்துப் பார்த்தார். ஒரே வகை சான்ட்விச் கொடுக்கப்பட்டபோது சாப்பிட்டதை விட, நான்கு வகை கொடுக்கப்பட்டபோது மனிதர்கள் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகச் சாப்பிட்டார்கள். எங்கள் விருந்துச் சாப்பாட்டில் பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, உருளைக்கிழங்குப் பிரட்டல், இறால் குழம்பு, பொரியல், அப்பளம், மோர் மிளகாய் என்று ஒவ்வொன்றும் தனிச் சுவையோடு வரும். ஒவ்வொரு கறிக்கும் கொஞ்சம் சோறு தேவைப்படும். கறிகள் ஏழு என்றால் அந்தக் 'கொஞ்சம்' ஏழு தரம் கூடும்.

மூன்றாவது காரணம் எங்கள் விருந்தோம்பல். விருந்தாளி ஒரு தரம் வேண்டாம் என்றால் அது வெட்கம் என்றும், இரண்டாம் தரம் சொன்னால் மரியாதை என்றும் எடுத்துக்கொண்டு, மூன்றாம் தரம் கேட்காமலே போட்டுவிடுவோம். அன்பால் செய்வதுதான். ஆனால் சாப்பிடுபவரின் வயிறு சொன்னதை அந்த அன்பு கேட்பதில்லை.

எங்கள் தட்டின் கணக்கு

இலங்கையில் வளர்ந்தோர் ஒரு நாளில் எதை எவ்வளவு உண்கிறார்கள் என்று ரணில் ஜயவர்தனவும் அவருடைய ஆய்வுக் குழுவினரும் கணக்கெடுத்து 2013இல் வெளியிட்டார்கள். சோறு, பாண், இடியப்பம் போன்ற மாச்சத்து உணவுகளை ஒருவர் சராசரியாக நாளொன்றுக்கு 14 பங்குக்கு மேல் உண்டார். மரக்கறி இரண்டு பங்குக்கும் குறைவு. பழம் அரைப் பங்குகூட இல்லை. பத்தில் ஏழு பேர் மாச்சத்துக்கான மேல் எல்லையைத் தாண்டியிருந்தார்கள். பழமும் மரக்கறியும் சேர்த்து நாளுக்கு ஐந்து பங்கு சாப்பிட்டவர்கள் நூற்றுக்கு நான்கு பேர்கூட இல்லை. அதாவது, நாங்கள் எல்லாவற்றையும் கூடுதலாகச் சாப்பிடவில்லை. மாச்சத்தைக் கூடுதலாகவும் மற்றவற்றைக் குறைவாகவும் சாப்பிடுகிறோம்.

நீரிழிவும் அதற்கேற்பப் பெருகியிருக்கிறது. 2005–2006 காலத்தில் நாடளாவிய ஆய்வொன்று, 20 வயதுக்கு மேற்பட்டோரில் 10.3 வீதமானோருக்கு நீரிழிவு இருப்பதைக் கண்டது. நகர்ப்புறத்தில் அது 16.4 வீதம். 2018–2019இல் நடந்த இன்னொரு தேசிய ஆய்வில் வளர்ந்தோரில் ஏறத்தாழ 23 வீதம் என்று வந்தது. அளவிட்ட முறைகள் வேறுபட்டாலும் போகும் திசை தெளிவாகத் தெரிகிறது.

சோற்றுக்கும் இதற்கும் உள்ள தொடர்பை 21 நாடுகளில் 130,000க்கும் மேற்பட்டோரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வொன்று 2020இல் காட்டியது. சென்னை மருத்துவர் வி. மோகனும் அதில் பங்கெடுத்தார். தெற்காசியாவில், நாளொன்றுக்குச் சமைத்த வெள்ளைச் சோறு 450 கிராமோ அதற்கு மேலோ சாப்பிட்டவர்களுக்கு, 150 கிராமுக்குக் குறைவாகச் சாப்பிட்டவர்களை விட நீரிழிவு வரும் ஆபத்து 61 வீதம் கூடுதலாக இருந்தது. இது பின்தொடர்ந்து கவனித்த ஆய்வு. சோறு மட்டும்தான் காரணம் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் அலட்சியம் செய்யக்கூடிய வித்தியாசம் அல்ல.

450 கிராம் என்றால் எவ்வளவு? வீட்டில் அரிசி அளக்கும் சுண்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு சுண்டு அரிசி ஏறக்குறைய 200 கிராம். வெந்து சோறானதும் அது 500 கிராமைத் தாண்டிவிடும். ஒருவர் ஒரு நாளைக்கு ஒரு சுண்டு அரிசிச் சோறு சாப்பிட்டாலே அந்த ஆய்வின் உச்சப் பிரிவுக்குள் போய்விடுகிறார். மதியமும் இரவும் தட்டு நிறையச் சோறு சாப்பிடும் வீடுகளில் இது வழமையான அளவு.

வீட்டில் செய்யக்கூடியவை

அரிசியை அளந்து போடுங்கள். உட்கார்ந்து வேலை செய்யும் இரண்டு வளர்ந்தவர்களுக்கு ஒரு நேரத்துக்கு ஒரு சுண்டுக்கும் குறைவான அரிசியே போதும். 'எதற்கும் இருக்கட்டும்' என்று போடும் மேலதிக கைப்பிடிதான் இரண்டாம் முறை தட்டுக்கு வருகிறது.

சோற்றுப் பானையைச் சாப்பாட்டு மேசையில் வைக்காதீர்கள். குசினியிலேயே தட்டில் போட்டுக்கொண்டு வாருங்கள். மேசையில் மரக்கறியும் கீரையும் சம்பலும் மட்டும் இருக்கட்டும். கை எட்டும் தூரத்தில் இருப்பதைத்தான் கை எடுக்கும். தொடர்மாடி வீட்டில் குசினி பத்து அடி தூரத்தில் இருந்தாலும், எழுந்து போக வேண்டும் என்பதே ஒரு நிமிடம் யோசிக்க வைக்கும்.

தட்டில் மரக்கறியை முதலில் போடுங்கள். நாங்கள் வழமையாகச் சோற்றை நடுவில் குவித்துவிட்டு, மீதி இடத்தில் கறிகளை வைக்கிறோம். இதை மாற்றுங்கள். பாதித் தட்டை மரக்கறி, கீரை, பச்சடியால் நிரப்புங்கள். கால் பங்கு மீன், முட்டை, இறைச்சி அல்லது பருப்பு, கடலைக்கு. மிச்சக் கால் பங்கு சோற்றுக்கு. உருளைக்கிழங்கு, மரவள்ளி, பலாக்கொட்டை ஆகியவற்றை மரக்கறிக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அவையும் மாச்சத்துத்தான்.

சாப்பிடுவதையும் மரக்கறியிலிருந்து தொடங்குங்கள். வல்லாரைச் சம்பலோ, வெள்ளரிக்காய்ப் பச்சடியோ, கீரையோ நாலைந்து வாய் சாப்பிட்ட பிறகு சோற்றில் கை வையுங்கள். பார்பரா ரோல்ஸ் 2004இல் செய்த இன்னொரு ஆய்வில், உணவுக்கு முன் கலோரி குறைந்த சாலட் ஒரு பெரிய தட்டு சாப்பிட்டவர்கள் மொத்தத்தில் 12 வீதம் குறைவான கலோரி உண்டார்கள். நியூயோர்க்கில் 2015இல் நீரிழிவு உள்ள 11 பேரிடம் செய்த சிறு ஆய்வும் உண்டு. அதே உணவை மரக்கறி, இறைச்சி முதலிலும் மாச்சத்து கடைசியிலும் என்ற ஒழுங்கில் சாப்பிட்டபோது, ஒரு மணித்தியாலத்தில் இரத்தச் சீனி 37 வீதம் குறைவாக இருந்தது. எதையும் விலக்காமல் ஒழுங்கை மட்டும் மாற்றியதன் பலன் அது.

இரண்டாம் தரம் வேண்டுமானால் கறிக்கு மட்டும். பசி இன்னும் இருந்தால் மீனும் மரக்கறியும் எடுத்துக்கொள்ளுங்கள். சோறு ஒரு தரம் என்பது வீட்டு வழக்கமாகட்டும். நாளுக்கு நாள் மனதோடு வாதாடிக்கொண்டிருப்பதை விட வழக்கமாக்கிவிடுவது எளிது.

இடியப்பமும் புட்டும் தனிக் கவனம் கேட்பவை. இடியப்பம் மெல்லியதாக இருப்பதால் எண்ணிக்கை தெரியாமல் உள்ளே போகும். சொதி விட்டுக் குழைத்தால் மெல்ல வேண்டிய வேலையும் இல்லை. எத்தனை என்று முதலே எண்ணித் தட்டில் எடுத்துவிட்டு, மீதி இருக்கும் தட்டத்தை மூடுங்கள். கூடவே ஒரு அவித்த முட்டை, நெத்தலிக் குழம்பு அல்லது கடலைக்கறி இருந்தால் குறைந்த இடியப்பத்திலேயே பசி அடங்கும். புரதம் பசியை நீண்ட நேரம் தள்ளிவைக்கும். புட்டுக்கு வாழைப்பழமும் சீனியும் சேர்த்துச் சாப்பிடுவது மாச்சத்தோடு இன்னும் மாச்சத்தைச் சேர்ப்பது. அதைக் கறியோடு சாப்பிடுவது நல்லது.

மெதுவாகச் சாப்பிடுங்கள். வாயில் இருப்பதை விழுங்கிய பிறகே அடுத்த கவளத்தைக் குழைப்பது என்று வைத்துக்கொண்டால் வேகம் தானாகக் குறையும். தொலைக்காட்சியும் கைபேசியும் சாப்பாட்டு நேரத்தில் வேண்டாம். கவனம் வேறெங்கோ இருக்கும்போது அந்த நேரத்திலும் கூடச் சாப்பிடுகிறோம், பிறகு வரும் வேளையிலும் கூடச் சாப்பிடுகிறோம். சாப்பிட்டது மனதில் பதியாததே காரணம்.

சிறிய தட்டில் சாப்பிட்டால் போதும் என்று பலரும் சொல்வார்கள். அதை நம்பிப் புதுத் தட்டு வாங்கத் தேவையில்லை. அந்த ஆலோசனையைப் பிரபலமாக்கியவர் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்துப் பிரையன் வான்சின்க். 2018இல் அவருடைய ஆறு ஆய்வுக் கட்டுரைகளை மருத்துவ இதழ்கள் ஒரே நேரத்தில் திரும்பப் பெற்றன. தட்டின் அளவு உதவலாம், உதவாமலும் போகலாம். அதில் எத்தனை அகப்பை சோறு போடுகிறோம் என்பதே முக்கியம்.

பசி பெரிதாகுமுன்

காலையில் வெறும் தேநீரோடு பஸ் ஏறி, மதியம் இரண்டு மணிக்குச் சாப்பிட உட்கார்பவரால் அளவு பார்க்க முடியாது. வீட்டிலிருந்து புறப்படுமுன் ஒரு முட்டை, அவித்த கடலை அல்லது பயறு, ஒரு பழம் சாப்பிட்டாலும் மதியப் பசி கட்டுக்குள் இருக்கும். சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலத்துக்கு முன் இரண்டு கிளாஸ் தண்ணீர் குடிப்பது நடுவயது தாண்டியவர்களுக்கு உதவுவதாக ஆய்வுகள் சொல்கின்றன.

நாலு மணித் தேநீர் இன்னொரு இடறல். அதோடு சாப்பிடும் ரோல்ஸும் பற்றிஸும் எண்ணெயில் பொரித்த மாவு. இரண்டு மூன்று சாப்பிட்டால் ஒரு நேரச் சாப்பாட்டுக்குக் கிட்ட வந்துவிடும், ஆனால் இரவுச் சாப்பாட்டை யாரும் குறைப்பதில்லை. தேநீரில் போடும் ஒவ்வொரு தேக்கரண்டிச் சீனியும் ஏறத்தாழ 4 கிராம். மென்பானப் போத்தலில் உள்ள வர்ண அடையாளத்தைப் பாருங்கள். 2016இல் இலங்கையில் கட்டாயமாக்கப்பட்ட அந்த அடையாளத்தில் சிவப்பு என்றால் 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருக்கிறது என்று அர்த்தம்.

தூக்கமும் இதில் சேரும். குறைவாகத் தூங்குபவர்களுக்குப் பசி ஹோர்மோன் கூடுகிறது. 2022இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், குறைவாகத் தூங்கும் பழக்கமுள்ளவர்களை ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று மேலதிகமாகத் தூங்க வைத்தபோது, யாரும் சொல்லாமலே அவர்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 270 கலோரி குறைவாக உண்டார்கள். இரவு பதினொரு மணிக் கொத்து ரொட்டிக்கும் அடுத்த நாள் தூக்கக் கலக்கத்துக்கும் உள்ள உறவு இரண்டு பக்கமும் வேலை செய்கிறது.

கடைச் சாப்பாடு

பார்சலைத் திறந்ததும், முதல் வாய்க்கு முன், பாதிச் சோற்றைச் சாப்பாட்டுப் பெட்டியில் எடுத்து வையுங்கள். அலுவலகத்தில் கூட ஒருவர் இருந்தால் ஒரு பார்சலை இருவர் பகிர்ந்து, மேலதிகமாக ஒரு மரக்கறியோ முட்டையோ வாங்கலாம். கடையில் கட்டும்போதே "சோறு குறைச்சு, மரக்கறி கூடப் போடுங்கோ" என்று சொல்லுங்கள். தினமும் வரும் வாடிக்கையாளர் சொன்னால் பெரும்பாலான கடைக்காரர் செய்து தருவார். கொத்து ரொட்டி ஒன்றை இருவர் சாப்பிட்டாலே போதும். வாங்கும்போதே இரண்டாகக் கட்டித் தரச் சொல்லுங்கள்.

விருந்தும் விரதமும்

விருந்து வீட்டில் மறுப்பதற்கு நல்ல வழி, வேறொன்றைக் கேட்டு வாங்குவது.

"இன்னும் ரெண்டு இடியப்பம் வைக்கட்டோ?"

"காணும் மாமி, நல்லாச் சாப்பிட்டன். அந்தக் கீரை கொஞ்சம் வையுங்கோ."

போடுபவரின் மனமும் நிறையும், உங்கள் வயிறும் தப்பும். திருமண மண்டபத்தில் தானே எடுத்துச் சாப்பிடும் முறை என்றால், முதலில் தட்டில்லாமல் ஒரு சுற்று நடந்து எல்லாவற்றையும் பாருங்கள். பிறகு உண்மையிலேயே விரும்பும் மூன்று நான்கு வகைகளை மட்டும் எடுங்கள். பந்தியில் இலை போட்டால், போதும் என்றானதும் கையை இலைக்கு மேல் காட்டுங்கள், இலையை மடியுங்கள். அதற்குப் பிறகு யாரும் வற்புறுத்த மாட்டார்கள்.

கந்தசஷ்டி விரதத்துக்குப் பிந்திய பாறணையிலும், தவக்காலம் முடிந்து வரும் ஈஸ்டர் மேசையிலும், பல நாள் அடக்கிய பசி ஒரே வேளையில் எழும். அன்றைக்கு முதலில் பழமோ இளநீரோ எடுத்து, அரை மணித்தியாலம் கழித்துச் சாப்பிட உட்காருவது நல்ல ஒழுங்கு. சாப்பிட்ட பின் பதினைந்து நிமிடம் நடப்பதும் இரத்தச் சீனி ஏறுவதைக் குறைக்கும். வெள்ளவத்தையில் இருப்பவர்களுக்கு மரைன் டிரைவ் கடற்கரை வீதி பக்கத்திலேயே இருக்கிறது.

தேங்காய் எண்ணெய்ச் சோறு

2015இல் கொழும்பின் இரசாயன விஞ்ஞானக் கல்லூரியைச் சேர்ந்த சுதைர் ஜேம்ஸும் அவருக்கு வழிகாட்டிய புஷ்பராஜா தவராஜாவும் ஒரு முறையை அறிவித்தார்கள். கொதிக்கும் நீரில் தேங்காய் எண்ணெய் விட்டு அரிசியை வேகவைத்து, 12 மணித்தியாலம் குளிரூட்டினால், மாச்சத்தின் ஒரு பகுதி எளிதில் செரிக்காத வடிவத்துக்கு மாறுகிறது. பொருத்தமான அரிசி வகைகளில் கலோரி பாதியளவு வரை குறையக்கூடும் என்று அவர்கள் மதிப்பிட்டார்கள். ஆனால் அது ஆய்வுகூட முடிவு. உடம்பில் அதே அளவு பலன் கிடைக்கும் என்று அது நிறுவவில்லை. ஆகவே இப்படிச் சமைத்தாலும் அளவு அளவுதான். கொழும்பு வெக்கையில் மீந்த சோற்றை மேசையில் விட்டு வைப்பதும் ஆபத்து. சீக்கிரம் ஆறவைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள்.

விலைவாசிக்கு நடுவில்

2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு பல வீடுகளில் மீனும் முட்டையும் குறைந்து சோறு கூடியது. வயிற்றை நிரப்ப அதுவே மலிவு. அப்படியான வீட்டைப் பார்த்துச் சோற்றைக் குறை என்று மட்டும் சொல்வது நியாயமல்ல. முருங்கையிலை, பொன்னாங்காணி, வல்லாரை, கங்குங் போன்ற கீரைகளும், பருப்பு, பயறு, கடலையும், கொஞ்சம் நெத்தலிக் கருவாடும் இன்னும் பல வீடுகளால் வாங்கக்கூடியவை. குறைக்கும் சோற்றின் இடத்தை இவை நிரப்பட்டும். வெறும் இடமாக விட்டால் பசி இரவில் பிஸ்கட் பெட்டியைத் தேடும்.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

இன்சுலின் போடுபவர்களும் நீரிழிவு மாத்திரை எடுப்பவர்களும் சோற்றைத் திடீரென்று குறைத்தால் இரத்தச் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். மருத்துவரிடம் கேட்டு, மருந்தளவோடு சேர்த்துக் குறையுங்கள். வளரும் பிள்ளைகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், உடல் மெலிந்த முதியவர்கள் ஆகியோருக்கு இந்தக் குறைப்புப் பொருந்தாது. நிறுத்த முடியாமல் சாப்பிட்டு, பிறகு வெட்கத்தாலும் குற்ற உணர்வாலும் அதை மறைத்து வாழ்பவர்களுக்கு வேண்டியது சிகிச்சை, கண்டிப்பு அல்ல. தேசிய மனநல உதவி இலக்கமான 1926க்கு அழைக்கலாம்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். இந்தக் கிழமை அரிசியை அளப்பதையும், மரக்கறியை முதலில் சாப்பிடுவதையும் மட்டும் தொடங்குங்கள். வீட்டில் அகப்பை பிடிப்பவர் நீங்கள் என்றால், 'காணும்' என்று ஒருவர் முதல் தரம் சொல்லும்போதே நிறுத்திவிடுங்கள். அதைவிடப் பெரிய உதவி அவருக்கு வேறில்லை. ஒரு அளவு நாடா எடுத்து இடுப்பையும் அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றரும் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரும் எல்லை. நீங்கள் 35 வயதைக் கடந்தவர் என்றால், அரச வைத்தியசாலைகளில் இயங்கும் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்களில் இரத்தச் சீனியையும் இரத்த அழுத்தத்தையும் இலவசமாகப் பரிசோதிக்கலாம். போய்ப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.